ஊர்க் கிணத்துத் தண்ணிக்கு எந்த ஃபில்டர்? மெஷின் விலையைப் பார்க்காதீங்க, 5 வருஷக் கணக்கைப் பாருங்க!



நம்மில் நிறைய பேருக்கு வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ, அப்பா அம்மா இருக்கிறது ஊரில். ஊரில் போர் தண்ணி உப்பு. பருப்பு சீக்கிரம் வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயில் மேல வெள்ளையா ஏடு கட்டும். ஒரு நாள் ஃபில்டர் கம்பெனி ஆள் வீட்டு வாசலுக்கு வருவார். டெமோ காட்டுவார். சாயங்காலம் நமக்கு போன் வரும்: "தம்பி, மொத்த வீட்டுக்கும் சேர்த்து மெஷின் போட்டுடலாமாம், மாசா மாசம் கட்டினா போதுமாம்."

தண்ணி குடிக்கிறது அவங்க, பணம் கட்டுறது நம்ம கார்டு. ஆனா அந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. இந்தப் பதிவில் சொல்ல வர்றது ஒண்ணுதான்: வீட்டுக்கு வர்ற எல்லாத் தண்ணிக்கும் ஒரே மெஷின் தேவையில்ல. குடிக்கிற 15 லிட்டர் வேற, குளிச்சுத் துவைக்கிற 500 லிட்டர் வேற. ரெண்டையும் பிரிச்சாலே பாதிப் பணம் மிச்சம்.

உதாரணத்துக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கிற ஆலங்குளத்தை எடுத்துக்கலாம். (தென்காசி மாவட்டத்தில் இன்னொரு ஆலங்குளம் இருக்கு, இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்.)

தண்ணி ஏன் இப்படி இருக்கு?

ஆலங்குளம்னாலே அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நினைவு வர்றது அரசு சிமெண்ட் ஆலை. 1970-ல் உற்பத்தி ஆரம்பிச்ச இந்த ஆலை, 1976-ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் உருவானதும் அதன் கீழ வந்தது. ஆலை அங்க வந்ததுக்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல். சிமெண்டுக்கு அதுதான் மூலப்பொருள்.

மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசா அமிலத்தன்மை அடையும். அந்தத் தண்ணி சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு, கால்சியம் பைகார்பனேட்டா எடுத்துக்கிட்டு கிணத்துக்கு வரும். அதை ஜீசர்ல சூடாக்கினா வாயு வெளியேறி, கரைஞ்ச சுண்ணாம்பு திரும்பக் கல்லா படியும். ஹீட்டர் மேல நீங்க பார்க்கிற வெள்ளை ஏடு அதுதான்.

இதே ராஜபாளையம் நகரில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்து ஆறாவது மைல் தேக்கத்தில் சேர்ற தண்ணி சப்பையா, சோப்பு நல்லா நுரைக்கிற தண்ணியா இருக்கும். அது கல்லுக்குள்ள ஊறிக் கிடக்காம ஓடி வந்த தண்ணி. அதனால "எங்க சித்தப்பா வீட்டுல இந்த மெஷின் போட்டாங்க, சூப்பரா இருக்கு" என்கிற சிபாரிசுக்கு இங்க மதிப்பில்ல. சித்தப்பா வீட்டுத் தண்ணி வேற, உங்க வீட்டுத் தண்ணி வேற. ஒரே தெருவில் திறந்த கிணறும் ஆழ்துளைக் கிணறும் வேற வேற அளவு காட்டலாம்.

டெமோவைப் பார்த்து பயப்படாதீங்க

ரெண்டு டம்ளர். ஒண்ணில் உங்க வீட்டுத் தண்ணி, இன்னொண்ணில் ஆர்.ஓ. தண்ணி. ரெண்டிலும் கம்பி வெச்ச ஒரு கருவியை விட்டு சுவிட்ச் போடுவாங்க. கொஞ்ச நேரத்தில் உங்க தண்ணி மட்டும் துருப்பிடிச்ச மாதிரி பழுப்பாகிடும். "இதைத்தான் உங்க அம்மா குடிக்கிறாங்க சார்" என்பார்.

அந்தப் பழுப்பு உங்க தண்ணியிலிருந்து வந்தது இல்ல, கம்பியிலிருந்து வந்தது. கருவியில் இருக்கிறது இரும்புக் கம்பி. உப்பு கரைஞ்ச தண்ணியில் மின்சாரம் பாயும், அந்த ஓட்டத்தில் இரும்பு கரைஞ்சு துருவாகுது. ஆர்.ஓ. தண்ணியில் உப்பு கம்மி, மின்சாரம் சரியா பாயாது, அதனால நிறம் மாறாது. சந்தேகமா இருந்தா, அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு திரும்ப சுவிட்ச் போடச் சொல்லுங்க. அதுவும் பழுப்பாகும்.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். இது பொய் சொல்லாது, ஆனா முழுசும் சொல்லாது. தண்ணியில் மொத்தம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு மின்கடத்தலை வெச்சு ஒரு தோராய எண் காட்டும். அது சுண்ணாம்பா, சமையல் உப்பா, ஃபுளோரைடா, நைட்ரேட்டான்னு அதுக்குத் தெரியாது. கிருமி இருக்கான்னும் தெரியாது. டிடிஎஸ் 150 காட்டுற தண்ணியில் சாக்கடை கலந்திருக்கலாம், டிடிஎஸ் 800 காட்டுற தண்ணி குடிக்கத் தகுந்ததா இருக்கலாம்.

முதல் செலவு: மெஷின் இல்ல, டெஸ்ட்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் தண்ணீர் பரிசோதனைக் கூடங்கள் இருக்கு. கட்டணம் கட்டி தனிநபரும் மாதிரி கொடுக்கலாம். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி கட்டணமும் நேரமும் கேட்டுக்கோங்க. ஃபில்டர் விற்கிற கம்பெனியோட "இலவச டெஸ்ட்" இதுக்கு ஈடாகாது.

மாதிரி எடுக்கும்போது:

- மோட்டாரை ஒரு 10 நிமிஷம் ஓடவிட்டு, மேல்நிலைத் தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடி பிடிங்க.
- ரசாயனப் பரிசோதனைக்கு சுத்தமான 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன், அதே தண்ணியால் ரெண்டு மூணு தடவை அலசிட்டு.
- கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தர்ற கிருமிநீக்கிய பாட்டில் மட்டும். அதை அலசக் கூடாது. ஐஸ் பெட்டியில் வெச்சு அன்னைக்கே சேர்த்துடுங்க.
- முடிஞ்சா கோடையில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் ஒரு தடவை. கோடையில் உப்பு ஏறும், மழைக்குப் பின்னாடி கிருமி ஏறும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012-ல் வந்த பதிப்பு. அதில் பல பொருளுக்கு ரெண்டு எண் இருக்கும். முதல் எண் ஏற்கத்தக்க அளவு. ரெண்டாவது, வேற நல்ல தண்ணி கிடைக்காதபோது அனுமதிக்கிற உச்ச அளவு. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்:

- டிடிஎஸ்: 500 / 2,000
- மொத்தக் கடினத்தன்மை: 200 / 600
- காரத்தன்மை: 200 / 600
- குளோரைடு: 250 / 1,000
- ஃபுளோரைடு: 1.0 / 1.5
- நைட்ரேட்: 45, இதுக்கு மேல சலுகை கிடையாது
- ஈ.கோலை கிருமி: 100 மில்லி தண்ணியில் ஒண்ணுகூட இருக்கக் கூடாது

இதில் கடினத்தன்மை என்பது பெரும்பாலும் வீட்டுச் சாமான் பிரச்சனை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்ச வரம்புன்னு எதையும் வைக்கல. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கிருமியும்தான் உடம்புப் பிரச்சனை. ஃபுளோரைடு அதிகமானா பல்லில் கறை, வருஷக்கணக்கில் குடிச்சா எலும்பு வரை போகும். நைட்ரேட் அதிகமானா கைக்குழந்தைக்கு ஆபத்து. ரெண்டுக்கும் ருசியும் கிடையாது, நிறமும் கிடையாது.

இன்னொரு கணக்கு, பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. ரிப்போர்ட்டில் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. காரத்தன்மை அளவுக்கு இருக்கிற கடினத்தன்மை தற்காலிகமானது, காய்ச்சினா பெரும்பகுதி அடியில் படிஞ்சிடும். மீதிதான் நிரந்தரம். கடினத்தன்மை 500, காரத்தன்மை 350 என்றால் தற்காலிகம் 350, நிரந்தரம் 150. சுண்ணாம்புக்கல் பூமியில் தற்காலிகப் பங்கு அதிகமா இருக்க வாய்ப்புண்டு. பாட்டி தண்ணியைக் காய்ச்சி, ஆறவெச்சு, அசைக்காம தெளிவை மட்டும் மொண்டு ஊத்தினதுல விஷயம் இருக்கு.

ஆனா ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் காய்ச்சுறது மருந்து இல்ல. தண்ணி ஆவியாகப் போறதால அவை செறிவு கூடவே செய்யும்.

எந்த மெஷின் என்ன வேலை செய்யும்?

யு.வி.: கிருமியைக் கொல்லும். உப்பு, சுண்ணாம்பு எதையும் தொடாது.

யு.எஃப்.: கலங்கலையும் பெரும்பாலான கிருமியையும் வடிக்கும். கரைஞ்ச உப்பு அப்படியே வரும்.

ஆர்.ஓ.: கரைஞ்சது எல்லாத்தையும் பெருமளவு குறைக்கும். சுண்ணாம்பு, உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாமே. விலை என்னன்னா, வீட்டு மெஷினில் 1 லிட்டர் நல்ல தண்ணிக்கு சுமார் 3 லிட்டர் வெளிய போகும். கடினத்தன்மை அதிகமானா மெம்பரேன் சீக்கிரம் அடைக்கும். 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500-க்குக் கீழ இருக்கிற இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை பண்ணச் சொன்னதுக்குக் காரணமே இந்தத் தண்ணி விரயம்தான்.

ஒரு எச்சரிக்கை: பல மெஷின்களில் டிடிஎஸ் கண்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும். அது "மினரல் சேர்க்குது" என்பாங்க. பல மாடல்களில் ஆர்.ஓ. வழியா போகாத தண்ணியைக் கொஞ்சம் திரும்பக் கலக்குறதுதான் அதன் வேலை. உங்க தண்ணியில் ஃபுளோரைடு அதிகம் என்றால் அதுவும் திரும்பக் கலக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இதை முழுசா மூடி வைக்கச் சொல்லுங்க.

சாஃப்ட்னர்: சிலிண்டருக்குள் ரெசின் மணிகள். கால்சியம், மக்னீசியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். சோப்பு நுரைக்கும், ஹீட்டர் பிழைக்கும். ஆனா டிடிஎஸ் குறையாது, உப்புக் கரிப்பு போகாது, ஃபுளோரைடு போகாது. கடினத்தன்மை 500 இருக்கிற தண்ணியை முழுசா மென்மையாக்கினா லிட்டருக்கு 230 மி.கி. சோடியம் கூடும். 2 லிட்டர் குடிச்சா 460 மி.கி. பிரஷர் மாத்திரை சாப்பிடுற அப்பா அம்மாவுக்கு அது தேவையில்லாத சுமை. அதனால சாஃப்ட்னர் தண்ணியை ஆர்.ஓ. இல்லாம நேரா குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

காந்தம், எலக்ட்ரானிக் கருவி: குழாய் மேல மாட்டினா போதும்னு சொல்றது. இது எந்தக் கனிமத்தையும் தண்ணியிலிருந்து எடுக்காது. படிவு குறையும்னு சொல்றதுக்கும் உறுதியான, சீரான ஆதாரம் இல்ல. பணத்தை இதில் போட வேண்டாம்.

இப்ப 5 வருஷக் கணக்கு

நாலு பேர் வீடு. குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 15 லிட்டர். குளிக்க, துவைக்க 500 லிட்டர். கடினத்தன்மை 500, டிடிஎஸ் 1,000. கீழ இருக்கிற விலைகள் கணக்குக்காக வெச்சது, உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

*வழி 1, கேன் தண்ணி.* 20 லிட்டர் கேன் 35 ரூபாய். மாசம் 450 லிட்டர், 22.5 கேன், சுமார் 788 ரூபாய். 5 வருஷத்துக்கு 47,250. லிட்டர் 1.75 ரூபாய்.

*வழி 2, அடுப்படியில் மட்டும் ஆர்.ஓ.* மெஷின் 15,000. முதல் வருஷம் வாரண்டி. அடுத்த 4 வருஷம் ஃபில்டர், மெம்பரேன், சர்வீஸ் சேர்த்து வருஷம் 4,000. மொத்தம் 31,000. லிட்டர் சுமார் 1.15 ரூபாய்.

*வழி 3, மொத்த வீட்டுக்கும் சாஃப்ட்னர் + ஆர்.ஓ.* சாஃப்ட்னர் 35,000. அடுத்து உப்பு. 500 லிட்டர் தண்ணியில் தினம் 250 கிராம் கடினத்தன்மை. அதைக் கழுவித் தள்ள நடைமுறையில் சுமார் 650 கிராம் உப்பு வேணும், மாசம் 20 கிலோ. கிலோ 12 ரூபாய்னா 240 ரூபாய், 5 வருஷத்துக்கு 14,400. சாஃப்ட்னர் மட்டும் 49,400. ஆர்.ஓ.வும் சேர்த்தா 80,400 ரூபாய்.

இங்க கேட்க வேண்டிய கேள்வி: சாஃப்ட்னரோட 49,400-ஐ 60 மாசத்தால் வகுத்தா மாசம் 823 ரூபாய். உப்புத் தண்ணியால் உங்க வீட்டுக்கு மாசம் 823 ரூபாய் நஷ்டமாகுதா? ஜீசர் காயில் சர்வீஸ் வருஷம் 1,500, டேப், ஷவர் மாத்துறது 1,000, கூடுதல் சோப்பு, பவுடர் 1,800 என்று வெச்சாலும் வருஷம் 4,300, மாசம் 358-தான். காசுக் கணக்கில் சாஃப்ட்னர் தோத்துடுது. குளிக்கிற சுகம், தலைமுடி, துணியோட பளிச்சுன்னு வேற காரணத்துக்காக வாங்கினா அது உங்க விருப்பம். ஆனா அதை "சேமிப்பு"ன்னு சொல்லி வாங்காதீங்க. வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு, அந்த மாசம் 20 கிலோ உப்பு எங்க போகும்? ரெசினைக் கழுவின உப்புத் தண்ணியா உங்க கொல்லைக்குத்தான். தென்னை மூட்டிலோ கிணத்துப் பக்கமோ விட்டா, இன்னைக்கு நீங்க கழுவித் தள்ளுற உப்பு நாளைக்கு உங்க கிணத்துக்கே திரும்ப வரும். வடிகால் வசதி இல்லாத வீட்டில் இதுவும் ஒரு செலவுதான்.

சாஃப்ட்னர் இல்லாம சமாளிக்க:

- ஜீசர் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி பக்கம் வைங்க. சூடு ஏற ஏறப் படிவும் கூடும்.
- வருஷத்துக்கு ஒரு தடவை படிவு நீக்கச் சொல்லுங்க, உள்ளே இருக்கிற ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்க.
- வாஷிங் மெஷினுக்குப் பவுடரை விட லிக்விட் டிடர்ஜென்ட் நல்லது.
- வாஷிங் மெஷினுக்கு மட்டும் சின்ன சாஃப்ட்னர் வாங்கினா, ரெசின் எத்தனை லிட்டர்னு கேளுங்க. 2 லிட்டர் ரெசின் இந்தத் தண்ணியில் சுமார் 220 லிட்டர்தான் தாங்கும், அதாவது மூணு நாலு தடவை துவைக்க. அப்புறம் உப்பு போட்டுக் கழுவணும். கழுவ மறந்துடுற வீட்டில் அது வெறும் டப்பா.

வழி 2-ல் வெளிய போற தண்ணி தினம் சுமார் 45 லிட்டர். டிடிஎஸ் 1,000 உள்ள தண்ணி 1,300 ஆகி வெளிய வரும். ஒரு வாளியில் பிடிச்சு கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வெச்சுக்கோங்க. பைக் கழுவினா வெள்ளைத் திட்டு வரும்.

யாரும் விக்காத வழி: மழைத்தண்ணி

தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நிறைய வீட்டில் அந்தக் குழாய் மண்ணுக்குள்ள போகுது, நல்லதுதான். ஆனா சுண்ணாம்புக்கல்லைத் தொடாத தண்ணி உங்க மாடியிலேயே விழுது. 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெஞ்சா சுமார் 930 லிட்டர். வீணாவது போக 740 லிட்டர் பிடிச்சாலும், 15 லிட்டர் கணக்கில் 49 நாளைக்குக் குடிக்க, சமைக்கப் போதும். 5,000 லிட்டர் மூடிய தொட்டி நிரம்பினா 333 நாள். முதல் மழையை வெளிய விட்டு, மாடியைக் கூட்டி, மணல் கரி வடிகட்டி வெச்சு, காய்ச்சியோ யு.வி. போட்டோ குடிக்கணும். வெயில் படாத மூடி, கொசுவலை ரெண்டும் கட்டாயம். ரிப்போர்ட்டில் ஃபுளோரைடு அதிகமா வந்த வீட்டுக்கு இதையும் ஆர்.ஓ.வையும் பக்கத்துல வெச்சு விலை பாருங்க.

இ.எம்.ஐ. விஷயத்தில் மூணு கேள்வி

2013-லேயே ரிசர்வ் வங்கி, ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். அதனால:

1. மொத்தமா கட்டினா எவ்வளவு தள்ளுபடி? அந்தத் தள்ளுபடி போறதுதான் நீங்க கட்டுற வட்டி.
2. பிராசஸிங் ஃபீஸ், வட்டி மேல ஜி.எஸ்.டி. எவ்வளவு?
3. ரெண்டாவது வருஷத்திலிருந்து ஏ.எம்.சி. எவ்வளவு, அதில் மெம்பரேன் சேர்த்தியா? எழுத்தில் வாங்குங்க. நம்ம ஊருக்கு சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார்ன்னும் கேளுங்க.

சுருக்கமா, ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

- டிடிஎஸ் 500-க்குக் கீழ, கடினத்தன்மை 200-க்குக் கீழ: ஆர்.ஓ. வேண்டாம். யு.வி. அல்லது காய்ச்சின தண்ணி.
- ரெண்டு எண்ணுக்கும் நடுவில், ஃபுளோரைடு, நைட்ரேட் சரியா இருக்கு: ஆர்.ஓ. ருசிக்காகத்தான், கட்டாயமில்ல. தற்காலிகக் கடினத்தன்மை அதிகமா இருந்தா ஒரு மாசம் காய்ச்சித் தெளிவிறுத்துக் குடிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.
- ஃபுளோரைடு 1.5-க்கு மேல, நைட்ரேட் 45-க்கு மேல, அல்லது டிடிஎஸ் 2,000-க்கு மேல: குடிக்க அந்தத் தண்ணி வேண்டாம். அடுப்படி ஆர்.ஓ., மழைத்தண்ணி, கூட்டுக் குடிநீர்க் குழாய், இதில் எது முடியுமோ அது. இங்க தள்ளிப்போடாதீங்க, இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.
- கிருமி இருக்கு: கிணத்துக்குக் குளோரின், பக்கத்தில் கழிவுத் தொட்டி இருக்கான்னு பாருங்க, அதுவரைக்கும் காய்ச்சித்தான் குடிக்கணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பையில் ஒரு 2 லிட்டர் கேனை எடுத்துட்டுப் போங்க. விற்பனை ஆள் மறுபடி வாசலுக்கு வந்தா, அம்மா கையில் ரிப்போர்ட் இருக்கட்டும். "இதில் எந்த நம்பரை உங்க மெஷின் குறைக்கும்?"னு அவங்களே கேட்கட்டும்.